ஒன்பது பத்துக்கு எழுதிய வரி

என் கைப்பையில் ஒரு முகக்கண்ணாடி இருக்கிறது. உள்ளங்கை அகலம், சிவப்பு பிளாஸ்டிக் சட்டம். திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் வளையல் கடையில் வாங்கியது. அதன் முதுகில் கறுப்பாக ஒரு மெழுகுத் திட்டு ஒட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் போகவில்லை. தினமும் காலையில் பேருந்தை விட்டு இறங்கி, நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குள் நுழையும் முன் தலைமுடியைச் சரிசெய்ய அதை எடுப்பேன். விரல் முதலில் அந்தத் திட்டின்மேல்தான் படும். பட்டதும் ஒருத்தி நினைவுக்கு வருவாள். ஐந்து வருடமாக, என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் குடும்பத்தின் கடைசி மகள். திருநெல்வேலிப் பக்கமிருந்து அவளுடைய தாத்தா காலத்தில் வந்தவர்கள். நகரத்தின் தென்கோடியில் இருந்த ஓர் ஆய்வகத்தில், ஒரே மேசையில், ஒரே பேராசிரியரிடம் இரண்டரை வருடம் நானும் அவளும் சேர்ந்து வேலை செய்தோம். என் ஊர் திருவொற்றியூர். பேருந்து என்னிடம்தான் முதலில் வரும். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்து இடத்தில் பையை வைத்துக்கொள்வேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வண்டி தண்டையார்பேட்டை வந்ததும் அவள் ஏறுவாள். "ஒதுங்கு தோஸ்து" என்று என் பையைத் தூக்கி என் மடியிலேயே போட்டுவிட்டு உட்காருவாள். பாரிமுனை வரைக்கும் தூங்குவாள். என் தோளில்தான் தூங்குவாள். அவளைப் பற்றி எனக்கு எவ்வளவு கசப்பு இருந்தபோதும் ஒருநாள்கூட நான் தோளை நகர்த்தியதில்லை. இதை என் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லவில்லை. பிறகு நான் செய்ததைச் சொல்லும்போது, அது இந்தத் தோளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் முடிவானது என்பதற்காகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா கைநாட்டு. நைனாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அதையும் நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது எழுதிப் பழக்கினேன். அவருக்குத் துறைமுகத்தில், வந்து நிற்கும் கப்பலின் கயிறுகளைக் கரையில் இழுத்துக் கட்டும் வேலை. மாநகராட்சிப் பள்ளியில் படித்து, ராயபுரத்தில் பட்டப்படிப்பு முடித்து, இயற்பியலில் முதுகலைப் பட்டத்தோடு நான் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். எங்கள் தெருவில் யாருக்கு எந்த அரசாங்கத் தாள் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். என் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். எனக்கு அதில் கர்வம் உண்டு, இன்றும் உண்டு.

எங்கள் மேசையில் நடந்த வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றது புரியும். ஒளி நேர்கோட்டில் போகிறது என்று பள்ளியில் படிக்கிறோம். அது போகும்போதே தன் அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போகும்படியும் செய்யலாம், திருகாணியின் மரை போல. அந்த முறுக்குக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் என்று பெயர். இதில் வியப்பு என்னவென்றால், ஒளியைக் குறைத்துக் குறைத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான், அதாவது ஒளியின் ஒற்றைத் துகள் மட்டும் மேசையைக் கடக்கும்படி செய்தாலும், அந்த ஒற்றைத் துகளிடமும் முறுக்கு இருக்கிறது. அதை அளப்பதுதான் எங்கள் வேலை. லேசரின் முன்னால் கறுப்புத் தகடுகளை அடுக்கி வெளிச்சத்தை மங்கவைப்போம். கவட்டை போல் ஒரு கோடு இரண்டாகப் பிரியும் கோட்டுப் படம் ஒன்று ஒளிக்கு முறுக்கேற்றும். மேசையின் மறுபுறம் அதேபோன்ற இன்னொரு படம் முறுக்கை அவிழ்க்கும். சரியான படம் எதிரே இருந்தால் மட்டும் துகள் நேராகி, தலைமுடியினும் மெல்லிய ஓர் இழைக்குள் நுழைந்து எண்ணும் கருவியைச் சேரும். கருவி 'டிக்' என்னும். எந்தப் படத்துக்கு டிக், டிக் என்று சத்தம் கூடுகிறதோ, அதுதான் வந்த துகளின் முறுக்கு. பட்டப்பகலில் திரைகளை இழுத்துவிட்டு, இருட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்தப் படங்களுக்கான கணக்கு முழுவதும் என்னுடையது. கோடுகள் எங்கே வளைய வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்று நான் மூன்று மாதம் கணக்குப் போட்டேன். ஆனால் அவற்றை எதில் அச்சடிப்பது என்று எங்கள் பேராசிரியர் சாரும் நானும் தவித்தபோது, யானைக்கவுனியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற அச்சகத்துக்கு அவள் போனாள். அவர்கள் அச்சுத் தகடு எடுப்பதற்குப் பயன்படுத்தும் பிலிமில் எங்கள் கோடுகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "மாப்பிள்ளை பேரு மட்டும்தான் இல்ல சார், மத்ததெல்லாம் கீது" என்று மேசையில் வைத்தாள். சார் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று மாதக் கணக்குக்கு அவர் "சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்லியிருந்தார்.

அவள் விரல்களைப் பற்றி எழுதாமல் முடியாது. மேசையின் சின்னச் சின்னத் திருகுகளைத் தொட்டுத் தொட்டு, ஒளி அந்த மெல்லிய இழைக்குள் போகும்படி செய்ய எனக்கு மூன்று நாள் ஆகும். அவளுக்கு அரைமணி நேரம். சின்ன வயதிலிருந்து கடையில் பொட்டலம் மடித்து நூல் சுற்றிப் பழகிய விரல்கள். திருகைத் தொடும்போது அவள் மேசையைப் பார்க்கவே மாட்டாள். தலையைச் சாய்த்து டிக் சத்தத்தை மட்டும் கேட்பாள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, இடது திருகு கால் சுற்று, வலது திருகு அரைச் சுற்று என்று குறித்துக் குறித்துத் திருகுவேன். சத்தம் தேய்ந்துபோகும். அவள் வந்து என் கைமேல் கைவைத்து லேசாகத் திருப்புவாள். கொட்டும் மழைபோல் சத்தம் எழும். அந்த மழையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்று அவள் பேச்சு. வீட்டில் அம்மா அப்பாவிடம் திருநெல்வேலிப் பேச்சு. வெளியே வந்தால் இன்னா, கீது, வந்துகினு, குந்திகினு. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வெளியூர் மாணவர்கள் அவளைப் பேசவைத்துக் கேட்பார்கள். அந்தப் பேச்சு என் வீட்டுப் பேச்சு, என் அம்மாவின் பேச்சு. ஆய்வகத்தில் கால் வைத்த முதல் நாளிலிருந்து அதை நான் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, புத்தகத் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் வாயில் அது நகைச்சுவை. என் வாயில் வந்தால் அது என் முகவரி ஆகிவிடும். எனக்குச் சொந்தமானதை எனக்கு முன்னால் எடுத்துப் பூசிக்கொண்டு அவள் அழகாக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அழைக்கவில்லை, பேருந்தில் அம்மாவின் நெத்திலிக் குழம்பைப் பற்றி வாய்தவறிச் சொல்லியிருந்தேன். வந்தவள் நேராக அடுப்படியில் குந்திவிட்டாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் நைனாவும் அவளும் பல வருடப் பழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தார்கள். கயிற்றைப் பற்றி அவள் கேட்டாள். இருபத்துமூன்று வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"ரெண்டு தினுசு கீது கண்ணு" என்றார் நைனா. "வலம்புரி, இடம்புரி. பாக்க ஒரே மாரிதான் இருக்கும். தெரியாம ரெண்டையும் ஒண்ணா முடிச்சு போட்டு இஸ்தா, ஒண்ணு முறுக்க ஒண்ணு அவுக்கும். புட்டுக்கும்."

"ஐயோ, எங்க லைட்டும் அதே கதைதான் நைனா!" என்றாள் அவள். என் அப்பாவை நைனா என்றாள்.

திங்கட்கிழமை ஆய்வகத்தில் அவள் ஒளியின் முறுக்கை வலம்புரி, இடம்புரி என்றுதான் சொன்னாள். ஒற்றைப் புரி, இரட்டைப் புரி என்றாள். பிளஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று நாங்கள் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததைவிட எத்தனையோ மேல் என்று சார் பாராட்டினார். அன்றிலிருந்து மேசையில் அதுவே வழக்காகிவிட்டது. என் அப்பாவின் சொல். அவள் கொண்டுவந்து கொடுத்தாள். நைனா வேறு, சாரிடம் அவள் காட்டுவதற்காக இரண்டு தினுசிலும் சாண் நீளத் துண்டு வெட்டி என்னிடம் கொடுத்து, "அந்தப் பொண்ணாண்ட குட்த்துடு" என்றார். நான் கொடுக்கவில்லை. பரணில் என் பழைய புத்தகப் பெட்டிக்குள் போட்டேன்.

இந்த நிலையில்தான் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. இந்தத் துறையில் பெரியவர். எங்கள் சாரின் பழைய நண்பர். தன் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஓர் இடம் வைத்திருந்தார். எங்கள் இருவரில் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சாருக்கு எழுதியிருந்தார். ஒரே இடம். அவர் வரும் நாளில் நான் கணக்கை விளக்க வேண்டும். அவள் மேசையில் செய்துகாட்ட வேண்டும். அவர் எங்கள் படங்களில் சிலவற்றை எடுத்து, எதை எந்த வரிசையில் வைக்கிறார் என்று சொல்லாமல், மூடிய பெட்டிக்குள் வைப்பார். வரும் துகள்கள் வலம்புரியா இடம்புரியா, எத்தனை புரி என்று அவள் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல வேண்டும். அவளுக்கு இந்த இடம் கிடைக்காவிட்டால் கடை இருந்தது, அண்ணன்கள் இருந்தார்கள். எனக்கு இதைவிட்டால் வேறு கதவு எதுவும் கண்ணில் தெரியவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

அவர் வரும் வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின மாலையே ஆய்வகத்தில் பூஜை போட்டுவிடுவார்கள். பொரி, சுண்டல், பூசணிக்காய் எல்லாம் உண்டு. கருவிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அட்டெண்டர் அண்ணன். எங்கள் மேசைக்கு அவர் வரும் முன் எல்லாவற்றையும் உறைபோட்டு மூடும் வேலை எனக்கு. மேசை சின்னது; ஒளிக்கு வேண்டிய தூரமோ அதிகம். அதனால் நான்கு கண்ணாடிகளில் பட்டுப் பட்டு ஒளி மடங்கிப் போகும்படி வைத்திருந்தோம். மூன்று கண்ணாடிக்கு உறை போட்டேன்; நான்காவதற்கு உறை இல்லை. மேசை ஓரத்தில் இருந்ததுதானே, யார் தொடப்போகிறார்கள் என்று சுண்டல் வாங்கப் போய்விட்டேன்.

விஜயதசமி அன்று தொழிலைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று விடுமுறையிலும் ஒருமணி நேரம் வந்து லேசரை ஓடவிட்டுப் போவது எங்கள் ஆய்வக வழக்கம். மறுநாள் வெளிநாட்டுக்காரர் வருகிறார். நாங்கள் வந்து பார்த்தால் நான்காவது கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், காய்ந்து இறுகியிருந்தது.

"அண்ணே, இன்னாண்ணே இது! கண்ணாடி மூஞ்சிலயா வெப்பே?" என்றாள் அவள்.

"மூஞ்சில வெக்காம முதுகுலயா வெப்பாங்க?" என்றார் அட்டெண்டர் அண்ணன். "லென்ஸ்ல வெக்கல பாரு. அது கண்ணு மாரி. கண்ணுல வெச்சா உறுத்தும்னு எனக்குத் தெரியாதா? நீ தொடைக்காதம்மா, சாமிக்கு வெச்சது."

நாங்கள் துடைத்தோம். பொட்டோடு சேர்ந்து கண்ணாடியின் பூச்சும் வந்துவிட்டது. வேறு கண்ணாடி வரவழைக்க ஒரு மாதம் ஆகும். அவள் இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தாள். பிறகு எண்ணும் கருவியைப் பெயர்த்து எதிர்மூலைக்குக் கொண்டுபோய்த் திருகினாள். "மூணே போதும். உட்றா வண்டிய" என்றாள். அரைமணி நேரம்தான். முறுக்கில்லாத வெறும் ஒளியை ஓடவிட்டு, டிக் சத்தத்தை மழையாக்கிவிட்டு, "முடிஞ்சுது தோஸ்து, வா போலாம்" என்றாள். மேசையில் நடப்பதைப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு. அவள் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அவள் பதிவேட்டை எழுதவும் மாட்டாள், திறந்து படிக்கவும் மாட்டாள். 'நான்காவது கண்ணாடி நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு தலைவாரும்போது உள்ளுக்குள் ஏதோ இடறியது. வெறும் ஒளிக்கு முறுக்கு கிடையாது. அது சரியாகப் போனது என்பதால் முறுக்குள்ள ஒளியும் சரியாகப் போகும் என்று ஆகுமா? பரணில் ஏறிப் பெட்டியைத் திறந்து நைனாவின் கயிற்றுத் துண்டுகளை எடுத்தேன். வலம்புரித் துண்டைச் சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் இருந்தது இடம்புரி. சந்தேகமே இல்லை, மற்றத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சாக அதுவேதான். ஒரு கண்ணாடி புரியைத் திருப்பிப்போடும். இரண்டாவது அதை நேராக்கும். நான்கு கண்ணாடி இருந்தவரை பாதகமில்லை. மூன்று என்றால் வலம் எல்லாம் இடமாகும், இடம் எல்லாம் வலமாகும். நாளைக்கு அவள் சொல்லப்போகும் ஒவ்வொரு பதிலும் தலைகீழாக இருக்கும்.

நைனா அப்போதுதான் வேலை முடிந்து உள்ளே வந்தார். "இன்னாம்மா, கவுத்துக்குப் பவுடர் போட்டுகினு கீறியா?" என்றார். பிறகு துண்டுகளை அடையாளம் தெரிந்துகொண்டு, "இன்னும் அந்தப் பொண்ணாண்ட குடுக்கலியா?" என்றார்.

"நாளைக்குக் குடுக்கறேன் நைனா."

மறுநாள் அவள் தண்டையார்பேட்டையில் ஏறி என் பையை மடியில் போட்டபோது, கயிற்றுத் துண்டுகள் அந்தப் பைக்குள்தான் இருந்தன. புதுச் சுடிதார். தலையில் நிறைய மல்லிகை. "இன்னா தோஸ்து, மூஞ்சி ஒருமாரி கீது? பயமா?" என்றாள். "நீ கணக்க சொல்லிட்டு கம்முனு குந்து. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். ராயபுரம் பாலத்தில் வண்டி வெகுநேரம் நின்றது. சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன் என்றே நினைக்கிறேன். 'மிச்சத்த நான் பாத்துக்கறேன்' என்பது காதில் மறுபடி விழுந்தது. சரி, நீயே பார்த்துக்கொள் என்று தோன்றியது. அவள் பூ என் கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தது. பாரிமுனை வந்துவிட்டது.

ஆய்வகத்துக்குப் போனதும் அவள் தேநீர் வாங்கப் போனாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். 'மூன்று கண்ணாடி. எனவே புரியின் திசை மாறித் தெரியும். காலை 9.10' என்று என் முத்தான எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு மூடி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று அன்றே எனக்குத் தெரியும். யாராவது பிற்பாடு கேட்டால், நான் மறைக்கவில்லை, எழுதித்தான் வைத்திருந்தேன் என்று சொல்ல ஒரு வரி வேண்டும். அவள் அதைப் படிக்கமாட்டாள் என்பது நிச்சயமாகத் தெரிந்ததால்தான் எழுதினேன். தெருவில் எல்லோருடைய தாள்களையும் படித்துக்காட்டிய பெண், தான் படித்த படிப்பை அன்று அந்த வேலைக்குப் பயன்படுத்தினாள்.

என் விளக்கவுரை பிழையில்லாமல் முடிந்தது. வந்தவர் மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு திரைகளை இழுத்துவிட்டார்கள். அவர் பெட்டிக்குள் முதல் படத்தை வைத்தார். அவள் தலையைச் சாய்த்தாள், எதிர்ப்படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மழை வந்த இடத்தில் நிறுத்தி, "இடம்புரி, ஒண்ணு" என்றாள். சிறு விளக்கடியில் கரும்பலகையில் அதை எழுத வேண்டியவள் நான். எழுதினேன். வலம்புரி இரண்டு. புரி இல்லை. இடம்புரி இரண்டு. தவறென்று தெரிந்த விடைகளை வரிசையாக, கோணாமல், அழகாக எழுதினேன். சுண்ணக்கட்டி மட்டும் ஒருமுறை உடைந்தது.

விளக்கைப் போட்டார்கள். வந்தவர் தன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பலகையோடு ஒப்பிட்டார். எண்ணிக்கை எல்லாம் சரி, திசை எல்லாம் நேர்மாறு என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சாரின் முகம் விழுந்துவிட்டது. நான் காத்திருந்த கணம் அதுதான். அது எப்படி இருக்கும் என்று இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருந்தேன். நினைத்ததுபோல் இல்லை.

அவள் பலகையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். விரலை நீட்டி ஒளி போகும் வழியைத் தொட்டுக்கொண்டே போனாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." நின்றாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயே! ஒரு கண்ணாடி கொறையுது சார்! பொட்டு வெச்ச கண்ணாடி!" அவளுடைய அரைகுறை ஆங்கிலத்தில், கைகளை முறுக்கிக் காட்டி, ஆயுத பூஜையிலிருந்து முழுக் கதையையும் அவருக்குச் சொன்னாள். அட்டெண்டர் அண்ணனை வேறு வாசலிலிருந்து இழுத்து வந்து நிறுத்தி, "இவர்தான் சார்" என்றாள். பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, இன்னொரு கண்ணாடி வைத்துக் காட்ட முடியுமா?" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "தோஸ்து, உன் மூஞ்சி பாக்கற கண்ணாடியக் குடு."

கைப்பையைத் திறந்தேன். கயிற்றுத் துண்டுகளுக்கு அடியில் இருந்த கண்ணாடியை உருவிக் கொடுத்தேன். ஒட்டும் மெழுகை உருட்டி அதன் முதுகில் அப்பி ஒரு தாங்கியில் நிறுத்தினாள். எண்ணும் கருவியைப் பழைய மூலைக்கே நகர்த்தினாள். நாற்பது நிமிடம் அந்தப் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளி பாதி வீணாகும்; மழை தூறலாகத்தான் வந்தது. ஆனால் இந்தமுறை எல்லாத் திசையும் சரியாக இருந்தது. விடைகள் நேராக வந்திருந்தால் அதிர்ஷ்டம் என்றுகூடத் தான் நினைத்திருக்கக்கூடும், எல்லாம் தலைகீழாக வந்து, காரணமும் சொல்லி, ஒரு கைப்பைக் கண்ணாடியால் அதைத் திருப்பியும் காட்டியபிறகு நம்பாமல் இருக்க முடியாது என்று அவர் சாரிடம் சொன்னார். இடம் யாருக்கு என்று அதற்குமேல் யாரும் பேசவேண்டியிருக்கவில்லை.

ஐந்து வருடமாக இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பாலத்தில் பேருந்து நின்றபோது நான் சொல்லியிருந்தால் அவள் காலையிலேயே சரிசெய்திருப்பாள். சோதனை பிழையில்லாமல், என் உரையைப்போலவே சாதுவாக நடந்து முடிந்திருக்கும். அவர் யோசித்திருப்பார், என் மதிப்பெண்களைப் பார்த்திருப்பார். என் மௌனம்தான் அவளை விமானத்தில் ஏற்றிவிட்டது.

மாலையில் திரும்பும்போது அவள் என் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதுகில் மெழுகு இருந்தது. "போவல, நாளைக்கு சொரண்டித் தரேன்" என்றாள். கண்ணாடி கூட்டியதை எழுதிவைக்கும்படி சார் அவளிடமே சொல்லியிருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அவள் பதிவேட்டைத் திறந்திருந்தாள்.

"எழுதி வெச்சிகீறே" என்றாள். "நல்லா கீது, உன் கையெழுத்து."

அவ்வளவுதான். சாரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பேருந்தில் வழக்கம்போல் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தூங்கவில்லை. கிளம்பும்வரை மூன்று மாதம், தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே வந்தாள். என் தோள் காலியாக இருந்தது. கயிற்றுத் துண்டுகளை அவள் கிளம்பும் அன்று அவள் பெட்டியில் வைத்தேன். நைனா கொடுத்தார் என்று சொன்னேன், அது பொய்யில்லை.

எனக்கு வேறு கதவு இல்லை என்று நினைத்தது தப்பு. வடசென்னையிலேயே ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. எங்கள் தெருப் பெண்கள் இருவர் இப்போது என்னிடம் படிக்கிறார்கள். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எல்லாக் கண்ணாடிக்கும் நானே உறை போடுகிறேன். போதாவிட்டால் என் கைக்குட்டையைக் கட்டுகிறேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அவளிடமிருந்து ஒருவரி மின்னஞ்சல் வரும்: 'பொட்டு வெச்சாச்சா?' நான் பதிலை நன்றாக எழுதுவேன். நல்ல வாக்கியங்களாக எழுதுவேன். அந்த ஒன்பது பத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

போன வாரம் இந்தக் குறிப்பை இவ்வளவு தூரம் எழுதிவிட்டு நிறுத்தினேன். மறுபடியும் எழுதித்தான் வைக்கிறேன், சொல்லவில்லை என்று உறைத்தது. அவளுக்கு அங்கே காலையாகும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தேன். "இன்னா தோஸ்து, நைனாக்கு ஒண்ணும் இல்லியே?" என்று பதறினாள்.

"நைனா நல்லாகீறாரு" என்றேன். ஐந்து வருடத்தில், ஏன், அவளிடம் எந்தக் காலத்திலுமே, நான் அப்படி என் வீட்டுப் பேச்சில் பேசியதில்லை. "அன்னிக்கு மூணு கண்ணாடிதான்னு எனக்குத் தெரியும். பஸ்லயே தெரியும். சொல்லாம வந்தேன். வயித்தெரிச்சல்."

"தெரியும்" என்றாள். "ஒம்போது பத்துன்னு டைமு போட்டு எழுதிகினு கீறியே, அப்பால தெரியாமயா போவும்? வாயால எப்போ சொல்லுவேன்னுதான் வருசா வருசம் பொட்டு வெச்சாச்சான்னு கேட்டுகினு கீறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், மேசைமுன் நின்று விரலால் மூன்று எண்ணிச் சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சமும் தேயாமல்.

போனை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தேன். விரல் மெழுகில் பட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது உண்மை. அப்படிச் சிரிக்க எனக்கு வராதே என்று அந்த இடத்தில் உடனே வந்து உட்கார்ந்துகொண்ட பொறாமையும் உண்மை. கண்ணாடியைத் திருப்பி, இந்தமுறை என் முகத்தைப் பார்த்தேன்.